மனைக்காவலின் வரலாறு: மானிப்பாயை மையமாகக் கொண்ட ஒரு நோக்கு

மனிதன் ஓரிடத்தில் நிலைத்துக் குடியிருக்கத் தொடங்கிய நாள் முதலாகத் தன் மனையையும் பொருளையும் காக்கும் வழிகளைத் தேடி வந்துள்ளான். வரலாற்று மாணவரின் கண் அரசர்களின் கோட்டை கொத்தளங்களிலே நிலைத்த அளவுக்குச் சாதாரண குடிமகனின் படலையில் நிலைப்பதில்லை. ஆயினும், ஒரு சமுதாயத்தின் உள்ளுறவுகளை அறிய விரும்புவோர்க்கு அதன் கோட்டைகளிலும் பார்க்க அதன் வேலிகளும் பூட்டுகளுமே தெளிவான சான்றுகளாகும். எவர் எவரை நம்பினர், எவர் எவருக்கு அஞ்சினர் என்பதை அவையே கூறும்.

யாழ்ப்பாண நகருக்கு வடமேற்கே, காரைநகர் செல்லும் வீதியில் அமைந்துள்ளது மானிப்பாய். இன்று மருதடி விநாயகர் ஆலயச் சூழலிலிருந்து ஏதேனும் ஓர் ஒழுங்கைக்குள் நுழைந்து நடப்பவர், மதில்களின் மேலும் மாடி மூலைகளிலும் கடைவாயில்களிலும் கண்காணிப்புக் கமராக்கள் பொருத்தப்பட்டிருப்பதைக் காண்பார். ஒரு தலைமுறைக்கு முன்னர் இவ்வூரார் காணாத பொருள் இது. இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, இதனால் நாம் பெற்றது யாது, இழந்தது யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஆய்வின் தெளிவுக்காக இரு வினாக்களை முன்வைக்கலாம். கள்வனைக் காண்பவர் யார்? கண்டபின் ஓடி வருபவர் யார்? காவல் முறை ஒவ்வொன்றும் இவ்விரு வினாக்களுக்கும் அவ்வக்காலம் அளித்த விடையே எனலாம்.

வேலியும் பொட்டும்

யாழ்ப்பாணத்து மனையின் முதற்காவல் வேலி. கிளுவை, பூவரசு, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை நட்டு, கிடுகினாலோ பனையோலையினாலோ அடைத்து, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்ட வேலி அது. கறுக்குமட்டை வரிந்த வேலியைத் தாண்டுவது எளிதன்று. வேலிக்குப் படலையும், வசதி படைத்தோர் மனையிற் கூரையிட்ட சங்கடப்படலையும் இருந்தன. வீட்டினுள்ளே பெட்டகமும், கதவுக்குத் திறாங்கும், அறைக்கு ஆமைப்பூட்டும் இருந்தன. ஒல்லாந்தர் ஆட்சியில் 1706இல் பணிக்கப்பட்டு 1707இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியால் தொகுத்து முடிக்கப்பட்டதும், ஆங்கிலேயரால் 1806இல் சட்டவலு அளிக்கப்பட்டதுமான தேசவழமை, முதுசொம், சீதனம், தேடியதேட்டம், தோட்டநிலம், அடைவு, கடன் என்று உடைமையைப் பகுத்துரைக்கும் நுணுக்கத்தை நோக்குமிடத்து, இம்மக்கள் தம் பொருளின்மீது கொண்டிருந்த கருத்தூன்றல் புலனாகும். ஒரு கதியால் நகர்ந்ததற்காக நீதிமன்றம் ஏறிய குடும்பங்கள் நம் ஊர்கள் எங்கும் உண்டு.

எனினும், ஓலை வேலி கள்வனைத் தடுக்கும் வலிமை உடையதன்று. ஒரு கத்தி போதும், அதனை அறுத்தெறிய. அவ்வாறாயின் அது எவ்வாறு காவலாயிற்று? வேலியைப் பிரிக்கும் ஓசை அயலுக்குக் கேட்கும் என்பதே அதன் வலிமை. காய்ந்த ஓலையின் சலசலப்பும், அதனைக் கேட்டுக் குரைக்கும் நாயும், நாயின் குரல் கேட்டுத் திண்ணையில் எழுந்து அமரும் கிழவருமே அக்கால அபாய மணி. மேலும், அதே வேலியில் ‘பொட்டு’ என்று ஒன்று இருந்தது. அயல்வீட்டார் குனிந்து புகுந்து வருவதற்கென விடப்பட்ட சிறு இடைவெளி அது. கறிக்கு உப்புக் கேட்டு வரும் சிறுமியும், பேறுகாலத்தில் ஓடிவரும் மூதாட்டியும் அதன் வழியே வந்தனர்; ‘கள்ளன்’ என்ற கூக்குரல் எழுந்தபோது ஆடவரும் அதன் வழியே வந்தனர். ஆகவே அக்காலத்தில் காண்பவரும் வருபவரும் ஒருவரே. அவர் அயலவர்.

தமிழர் வரலாற்றில் ஊர்க்காவல் வேறு வடிவங்களையும் பெற்றிருந்தது. நள்ளிரவில் மதுரைத் தெருக்களில் கள்வரைத் தேடித் திரியும் காவலரை மதுரைக்காஞ்சி காட்டுகின்றது. சோழர் காலக் கல்வெட்டுகளிற் பாடிகாவல் என்னும் வரி இடம்பெறுகின்றது. ஊரைக் காப்பதற்கென ஊரார் செலுத்திய வரி அது. அங்கு காவல் ஒரு தொழிலாகவும் அதற்குரிய ஊதியம் ஒரு கடமையாகவும் வகுக்கப்பட்டிருந்தமை கருதத்தக்கது.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை அவசியமாகின்றது. பழைய வேலிக்காலத்தைப் பொற்காலமாகக் காண்பது வரலாற்று நோக்காகாது. அயலவரின் கண் எல்லோரையும் ஒரே வகையாக நோக்கவில்லை. சாதி ஏற்றத்தாழ்வு வேரூன்றியிருந்த சமுதாயத்தில், களவு நிகழ்ந்ததும் ஐயம் முதலிற் சென்று தங்கியது ஒடுக்கப்பட்டோரின் குடிசைகளிலேயே. எவருக்காகப் பொட்டு விடப்பட்டது என்பதிலும் அந்த ஏற்றத்தாழ்வு இருந்தது. வேலி காத்தது, அதே வேலி பிரித்தும் வைத்தது.

விதானையாரும் பொலிசாரும்

ஆங்கிலேயர் ஆட்சியில் மணியகாரர், உடையார், விதானையார் என்னும் படிநிலையில் அமைந்த அலுவலர்கள் ஊர்க்காவலின் பொறுப்பையும் ஏற்றனர். களவு, கலகம் ஆகியவற்றை விதானையாரிடம் முறையிடுவதே வழக்கமாயிற்று. 1866 செப்டெம்பரில் கேம்பல் என்பார் பொறுப்பேற்றதோடு இலங்கைப் பொலிஸ் சேவை ஒழுங்கான அமைப்பாக உருப்பெறத் தொடங்கியதெனினும், ஊர்மட்டத்தில் நெடுங்காலம் விதானையாரே அரசின் கண்ணாகவும் கையாகவும் விளங்கினார். அவரும் ஊரவரே, ஊரின் நட்பும் பகையும் அவரிடமும் இருந்தன. ‘வேலியே பயிரை மேய்ந்தாற்போல’ என்ற பழமொழி அத்தகைய அலுவலரைக் குறித்தும் வழங்கியதில் வியப்பில்லை. 1963இல் இப்பதவி ஒழிக்கப்பட்டு, கிராம சேவையாளர் பதவி ஏற்படுத்தப்பட்டது. அதன்பின் காவற்பொறுப்பு ஊருக்கு வெளியே உள்ள பொலிஸ் நிலையத்தைச் சார்ந்ததாயிற்று. காண்பவர் ஊரில் இருந்தார். வரவேண்டியவர் தொலைவுக்குச் சென்றுவிட்டார்.

இதே காலப்பகுதியில் மனையின் அமைப்பும் மாறிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதலாக மலாயா, சிங்கப்பூர் சென்று உழைத்தவர்கள் ஓய்வூதியத்தோடு திரும்பி வந்து கல்வீடுகள் கட்டினர். யன்னல்களுக்கு இரும்புக் கம்பிகளும், வளவைச் சுற்றி மதிலும், மதிலின்மேல் உடைந்த கண்ணாடித் துண்டுகளும் வந்தன. கடைக்காரரிடம் இரும்புப் பெட்டி வந்தது. வெளிநாட்டுப் பணம் வேலியை மதிலாக்கிற்று எனலாம். மதில் உயர்ந்த இடங்களிற் பொட்டுகள் மறைந்தன.

மசாசுசெற்சும் மானிப்பாயும்

அபாய மணியின் வரலாறு நமக்கு எவ்விதத் தொடர்பும் அற்ற வெளிநாட்டுச் செய்திபோலத் தோன்றலாம். ஆனால் அது பிறந்த மண்ணோடு மானிப்பாய்க்கு ஒரு பழைய உறவு உண்டு. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரிற் பிறந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பொஸ்ரனைத் தலைமையகமாகக் கொண்ட மிஷன் சங்கத்தால் அனுப்பப்பட்டு 1847இல் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் மருத்துவப் பணியாற்றியதோடு தமிழிலேயே மேலை மருத்துவத்தைப் போதித்தவர் அவர். அவர் இங்கு பணிபுரிந்துகொண்டிருந்த காலத்தில், 1853இல், அதே மசாசுசெற்ஸ் மாநிலத்துச் சமர்வில் என்னும் ஊரைச் சேர்ந்த ஒகஸ்ரஸ் ரசல் போப் என்பார் மின்சார அபாய மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ யன்னலோ திறக்கப்பட்டதும் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கும். அதுவே அதன் தத்துவம்.

போப்பின் உரிமையை 1857இல் விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ் என்ற பொஸ்ரன் வணிகர், 1859இல் நியூயோர்க்கிற்குத் தொழிலை மாற்றினார். செல்வர் வீடுகளிலிருந்தும் வணிக நிலையங்களிலிருந்தும் கம்பிகளை இழுத்து ஒரு மத்திய நிலையத்தோடு இணைத்ததே அவருடைய தொழிலின் சிறப்பு. எந்த வீட்டின் மணி ஒலித்தது என்பதை அங்கு விழித்திருக்கும் பணியாள் அறிவான். உடனே ஆள் அனுப்பப்படும். வீட்டில் ஒலிக்கும் மணி மாத்திரம் காவலாகாது, மணியொலி கேட்டு வருவதற்கு ஒருவர் வேண்டும் என்பதை ஹோம்ஸ் நன்கு உணர்ந்திருந்தார். யாழ்ப்பாணத்தில் அயலவர் ஊதியமின்றிச் செய்த பணி, நியூயோர்க்கில் விலைக்கு விற்கப்படும் பண்டமாயிற்று. அயலவரை அறியாது வாழும் பெருநகர வாழ்க்கையில் இது தவிர்க்கவியலாததே.

திறப்பும் கதவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1980களில் தொடங்கிய போர்க்காலம் மனைக்காவல் என்ற கருத்தையே தலைகீழாக்கிற்று. பொலிஸ் நிலையங்கள் செயலிழந்தன. ஊர்களில் விழிப்புக் குழுக்களும் பிரஜைகள் குழுக்களும் தோன்றின. 1990இன் பின் நெடுங்காலம் மின்சாரம் இல்லை. இரவில் எழும் நாயின் குரைப்புக்கு ஊர் வேறு பொருள் கொண்டது. அக்குரைப்பைக் கேட்டு எழுந்தவர் விளக்கேற்றவில்லை. எரிந்த விளக்கையும் அணைத்தார். கண்டவர் தாம் கண்டதைக் கூறாதிருக்கப் பழகிய காலம் அது.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கிப் பெயர்ந்தனர். எமது அம்மம்மாவும் மானிப்பாய் வீட்டின் முன்கதவைப் பூட்டி, திறப்பைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு நடந்தவர். 1996இல் திரும்பி வந்தபோது திறப்பு அவரிடம் இருந்தது. கதவு இல்லை; நிலையும் இல்லை. பூட்டு மாத்திரம் முற்றத்தில் துருவேறிக் கிடந்தது. அத்திறப்பை அவர் இன்றும் சாமியறையில் வைத்திருக்கின்றார். ஊர் முழுவதும் பெயர்ந்துவிட்டால் எந்தப் பூட்டும் காவலாகாது என்பதற்கு அதனினும் மேலான சான்றை யாம் அறியோம்.

போர் 2009இல் முடிந்த பின்னரும் அச்சம் உடன் அகலவில்லை. 2011 ஆகஸ்டில் நாடெங்கும் பரவிய ‘கிறீஸ் பூதம்’ பற்றிய பீதியின்போது, ஊரார் இரவில் விழித்திருந்து காவல் செய்ய முற்பட்டனர். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் அவ்வாறு திரண்டவர்களுட் பலர் படையினரால் தாக்கப்பட்டுக் கைதாகினர். ஒன்றுகூடிக் காவல் செய்தலே குற்றமாகத் தோன்றிய ஒரு சூழலில், மக்கள் தனித்தனியே கருவிகளை நாடியது இயல்பே.

கமராவின் வருகை

தொலைவிலிருந்து பார்க்கும் கண்ணும் போரிலேயே பிறந்தது. 1942இல் ஜேர்மனியின் பீனமுண்டேயில் ஏவுகணைச் சோதனைகளைப் பாதுகாப்பான தூரத்திலிருந்து காண்பதற்காக மூடிய சுற்றுத் தொலைக்காட்சி பயன்படுத்தப்பட்டது. அதனை மனைக்குக் கொண்டுவந்தவருள் முதல்வராகக் கருதப்படுபவர் நியூயோர்க்கின் குயீன்ஸ் பகுதியைச் சேர்ந்த மேரி வான் பிறிற்றன் பிறவுன் என்ற கறுப்பினத் தாதி. இரவிலும் வேலைநேரம் மாறும் தொழில். அயலில் குற்றங்கள் மலிவு. அழைத்தாலும் பொலிசார் விரைந்து வருவதில்லை. இந்நிலையில் அவரும் மின்னணுத் தொழில்நுட்பம் அறிந்த அவர் கணவரும் 1966இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து 1969இல் அதனைப் பெற்றனர். கதவிலுள்ள துளைகளினூடாக வெளியே நிற்பவரைக் கமரா காட்டும். உள்ளிருந்தவாறே அவரோடு பேசலாம். பொத்தானை அழுத்திப் பொலிசாரை அழைக்கலாம். வருபவர் இல்லாத இடத்திலேதான் காணும் கருவி பிறந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மானிப்பாயில் கமரா பரவியமைக்கும் காரணங்கள் உள. முதலாவது, புலம்பெயர்வு. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிள்ளைகள் வாழ, பெரிய வீட்டில் முதிய தாய் மாத்திரம் இருப்பது இன்று பொதுவான காட்சி. மகன் அங்கிருந்தே கைத்தொலைபேசியில் தாயின் முற்றத்தைக் காண்கின்றான். நமது நள்ளிரவு அவனுக்குப் பிற்பகல். அந்நேரம் ஊரில் விழித்திருப்பவன் அவன் ஒருவனே. இரண்டாவது, வாள்வெட்டுக் குழுக்கள். 2010களில் முகத்தை மறைத்து, மோட்டார் சைக்கிள்களில் வந்து, வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கி, வாகனங்களுக்குத் தீயிட்ட செயல்களால் மானிப்பாயின் பெயர் செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெற்றது. 2019 ஜூலையில் இவ்வூரில் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளைஞர் உயிரிழந்தமையும் அத்தொடரில் நிகழ்ந்ததே. கதவிலும் யன்னலிலும் காந்தத் தொடுகையுணரிகள், அசைவை உணரும் அகச்சிவப்புக் கருவிகள், ஓலமிடும் மணிகள் என்பன கமராவைத் தொடர்ந்து வந்தன. நகைக்கடை முதல் பலசரக்குக் கடை வரை இவற்றை அமைத்தன.

சாட்சியும் காவலும்

இக்கருவிகளின் பயனை மறுப்பதற்கில்லை. விசாரணையின்றிக் கோவலன் கொலையுண்ட கதையை மறவாத இனம் நாம். உண்மையை உள்ளவாறு காட்டும் சாட்சியின் அருமை நமக்குத் தெரியும். 1895ஆம் ஆண்டின் சான்றுக் கட்டளைச் சட்டம் கனவிலும் கருதாத ஒளிப்பதிவை, சரியாக நூறாண்டு கழித்து 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று விசேட ஏற்பாடுகள் சட்டம் நீதிமன்றத்துள் அனுமதித்தது. பதிவு நிகழ்வின்போதே செய்யப்பட்டிருத்தல் வேண்டும்; கருவி செவ்வனே இயங்கியிருத்தல் வேண்டும்; பதிவு மாற்றப்படாதிருத்தல் வேண்டும்; விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரேனும் எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் வேண்டும். சாதாரண வீட்டுக் கருவியோ சில வாரங்களில் பழைய பதிவின்மேலேயே புதியதை எழுதிவிடும். உரிய நேரத்தில் எடுத்து வைக்காதவருக்குச் சாட்சியும் இல்லை.

மின்சாரமே இக்கருவிகளின் உயிர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலங்கள் வரை மின்வெட்டு நிலவியபோது, மேலதிக மின்கலம் இல்லாத கமராக்கள் குருடாயின. வீட்டு நாய்க்கு அக்குறை நேரவில்லை. முகமூடி அணிந்தவனைக் கமரா காணும். அவன் யார் என்று கூறாது. இன்னும் ஒன்று: வாளேந்தியோர் முற்றத்தில் நின்று அட்டகாசம் புரிந்த பதிவுகள் கைத்தொலைபேசிகளில் ஊரெங்கும் பரவின. அவர்களை அச்சுறுத்த வைத்த கருவி அவர்களின் புகழையே பரப்பியது. கமரா நிகழ்ந்ததைக் கூறும் சாட்சி. நிகழாமற் காப்பது பிறிதொன்று.

கிணற்றடி

காக்கும் கண் அயலவரின் வாழ்விலும் நுழைகின்றது. நமது மனைகளில் திறந்த கிணற்றடியே பெண்கள் நீராடும் இடம். கிடுகு வேலி உயர்ந்து நின்றதன் காரணங்களுள் அதுவும் ஒன்று. எமது அயல்வீட்டு மாடியின் மூலையில் பொருத்தப்பட்ட கமரா ஒன்று எமது கிணற்றடியை நோக்கி நின்றது. ரொறன்ரோவில் இருக்கும் அவ்வீட்டு மகன் அதனை எண்ணிச் செய்யவில்லை. கருவியைப் பொருத்தியவர் திருப்பி விட்ட திசை அது. அம்மம்மா வழக்குப் பேசவில்லை. மதிலின்மேல் தடிகளை நிறுத்திக் கிடுகு கட்டினார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நீங்கிய கிடுகு, கமராவின் பயனாக எமது வளவுக்கு மீண்டது.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனியாள் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியொருவர் முற்றிலும் வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுகளைத் தன் வரம்புக்கு வெளியே விட்டுள்ளது. எனவே கிணற்றடியைக் காப்பது பெரும்பாலும் அயலுறவின் நாகரிகமே. கடைகளிலும் இவ்வினா எழுகின்றது. கள்வனுக்கென வைத்த கமராவின் கீழ் நாள் முழுதும் நிற்பவர் குறைந்த ஊதியம் பெறும் விற்பனைப் பெண்ணே. முன்னர் ஐயக்கண் எளியோர்மீதே விழுந்தது என்றோம். கருவி மாறியும் அக்கண்ணின் சாய்வு மாறவில்லை.

முடிவுரை

சென்ற மாரிகாலத்தில் எம் ஒழுங்கையில் நிகழ்ந்ததைக் கூறி இக்கட்டுரையை முடிக்கலாம். மழை பெய்துகொண்டிருந்த ஓரிரவு, இரண்டு மணியளவில், அதே அயல்வீட்டு மதிலில் இருவர் ஏறுவதை ரொறன்ரோவிலிருந்த மகன் தன் கைத்தொலைபேசியிற் கண்டார். தாயை அழைத்தார், மூதாட்டிக்குக் கேட்கவில்லை. அபாய மணி ஓலமிட்டது. உண்மையைக் கூறுவதாயின், அதனை நாமும் கேட்டோம், கேட்டும் எழவில்லை. பூனை பாய்ந்தாலும் ஒலிக்கும் மணி என்று பழகியிருந்தோம், வாளுக்கும் அஞ்சியிருந்தோம். அவர் எமது வீட்டை அழைத்து, ‘மாமா, அம்மா தனிய’ என்று கூறியபின்னரே தந்தையார் எழுந்தார். ரோர்ச்சோடு ஓடியவர் உயர்ந்த மதிலைத் தாண்ட வழியின்றி ஒழுங்கையைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று. ஓடியவாறே அவர் கூக்குரலிட, முன்வீட்டாரும் பின்வீட்டாரும் விளக்கேற்றினர். வந்தவர்கள் ஓடி மறைந்தனர். மூதாட்டி உறங்கிக்கொண்டேயிருந்தார்.

பல்லாயிரம் மைல்களுக்கு அப்பாலிருந்து காண இயன்றது. பத்தடி தூரத்திலிருந்து வர இயலவில்லை. அந்த இரவின் பாடம் இதுவே. அதன்பின் இரு வீட்டாரும் கலந்து பேசினர். கமரா கிணற்றடியிலிருந்து ஒழுங்கையின் பக்கம் திருப்பப்பட்டது. எவர் வீட்டு மணி ஒலித்தாலும் எவரெவரை அழைப்பது என்று ஒழுங்கையார் தம்முள் வகுத்துக்கொண்டனர். இரு வளவுகளுக்கும் இடையிலுள்ள மதிலில் மேசன் ஒருவரைக் கொண்டு ஒரு சிறு கதவும் வைக்கப்பட்டது. அதற்கு இரு திறப்புகள். இரு வீட்டிலும் ஒவ்வொன்று.

அபாய மணியும் கமராவும் இக்காலத்தின் தேவைகள். அவற்றைத் துறந்து ஓலை வேலிக்குத் திரும்புவது இயலாது, திரும்பவும் வேண்டியதில்லை. ஆயினும் காணும் கண்ணை விலைக்கு வாங்கிய நாம், ஓடிவரும் காலை அவ்வாறு வாங்க இயலாது என்பதை மறத்தல் ஆகாது. எமது மதிலில் வைத்த கதவை அம்மம்மா கதவென்று அழைப்பதில்லை. ‘பொட்டு’ என்றே அழைக்கின்றார்.